80 ரூபாயும் ஞாயிற்றுக்கிழமைகளும்

1943 ஏப்ரல். கல்கத்தாவில் டி. ஜே. கீமர் என்ற பிரிட்டிஷ் விளம்பர நிறுவனத்தில் ஒரு இளைஞர் வேலைக்குச் சேர்கிறார். வயது 21. பதவி ஜூனியர் விஷுவலைசர். சம்பளம் மாதம் 80 ரூபாய். ஓவியப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர். பெயர் சத்யஜித் ராய்.

விளம்பரத் துறையில் இந்தக் கதைக்கு இன்றும் நல்ல புழக்கம் உண்டு. என் சித்தி மகள் டிசைன் மூன்றாம் வருடம் படிக்கிறாள். போன கோடையில் ஒரு கிரியேட்டிவ் ஏஜென்சியில் இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப் போனாள். ஸ்டைபெண்ட் கிடையாது, ஆனால் ‘எக்ஸ்போஷர்’ கிடைக்கும் என்றார்களாம். ‘ராயே இப்படித்தானே ஆரம்பிச்சார்’ என்றும் சொன்னார்களாம். ஆறாவது வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன் செய்தாள். “அண்ணா, ஒரே ஜூஸ் விளம்பரத்தைப் பதினாறு சைஸ்ல வெட்டியாச்சு. நானா ஒரு கோடு போடல. ராய் கதை நிஜமா?”

நான் கோட் எழுதிப் பிழைக்கிறவன். டிசைன் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் பழைய கதைகளைத் தோண்டுவது எனக்குப் பிடிக்கும். தோண்டிப் பார்த்தேன். கதை நிஜம்தான். ஆனால் அவளிடம் சொன்னது பாதிக் கதை.

முதலில் ஒரு விஷயம். 1943இல் இந்தியாவில் டிசைன் கல்லூரி என்று ஒன்று இல்லை. சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசுக்காக அறிக்கை எழுதியது 1958இல். அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது 1961இல். ராய் படித்தது சாந்திநிகேதனில் உள்ள கலா பவனில், நந்தலால் போஸிடமும் பினோத் பிஹாரி முகர்ஜியிடமும். பார்ப்பது எப்படி என்று அங்கே கற்றுக்கொண்டார். அஜந்தா, எல்லோரா என்று சுற்றி வந்தார். ஆனால் ஓவியராக வாழப் போவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு வேண்டியது வணிகக் கலை. அது அங்கே பாடத்திட்டத்தில் இல்லை. 1942 டிசம்பரில், ஜப்பான் விமானங்கள் கல்கத்தாவில் குண்டு போட்ட சமயத்தில், படிப்பு முடியாமலேயே வீடு திரும்பினார்.

வீடு என்றால் மாமா வீடு. தாத்தா உபேந்திரகிஷோர், ஹாஃப்டோன் அச்சில் பெயர் வாங்கியவர். அப்பா சுகுமார், அச்சுத் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்து போய் வந்தவர். ராய்க்கு இரண்டு வயதாகும்போதே அப்பா இறந்துவிட்டார். குடும்பத்தின் அச்சகமும் கைவிட்டுப் போனது. அம்மா வேலைக்குப் போய் வளர்த்தார். ஆகவே அந்த 80 ரூபாயைக் கைச்செலவுக் காசு என்று நினைத்துவிட வேண்டாம். அது வங்கப் பஞ்சத்தின் வருடம். அரிசி விலை பல மடங்கு ஏறி, கிராமத்து மக்கள் கல்கத்தா தெருக்களில் வந்து விழுந்து செத்தார்கள். இறந்தவர்கள் 30 லட்சம் வரை இருக்கலாம் என்கிறது ஒரு கணக்கு. அந்த ஊரில், அந்த வருடத்தில், ஒரு சம்பளக் கவருக்கும் தலைக்கு மேலே மாமா வீட்டுக் கூரைக்கும் என்ன மதிப்பு என்று யோசித்துப் பாருங்கள். திறமை அதற்கு அப்புறம்தான்.

கீமர் ஒன்றும் சொர்க்கம் இல்லை. ஒரே வேலைக்கு வெள்ளைக்காரர்களுக்குக் கூடுதல் சம்பளம். அதனால் உள்ளுக்குள் புகைச்சல் இருந்தது. கிளையன்ட்கள் மேல் ராய்க்கும் பெரிய மரியாதை கிடையாது. (எண்பது வருடம் ஆகியும் இந்த ஒரு விஷயம் மாறவே இல்லை!) ஆனால் அவர் கைக்கு நிஜமான வேலை வந்தது. மலேரியா மாத்திரை விளம்பரத்துக்குப் படமும் எழுத்தும் சேர்ந்து ஒரு பக்கமாக எப்படி நிற்கவேண்டும் என்று யோசிக்கிற வேலை. சில வருடங்களில் ஆர்ட் டைரக்டர் ஆனார்.

அங்கே டி. கே. குப்தா என்று ஒரு மேலதிகாரி இருந்தார். அவர் 1943இலேயே சிக்னெட் பிரஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கி, அட்டைகள் வரையும் வேலையை ராயிடம் கொடுத்தார், முழுச் சுதந்திரத்தோடு. நேருவின் ‘டிஸ்கவரி ஆஃப் இந்தியா’, ஜீவனானந்த தாஸின் ‘பனலதா சென்’ எல்லாம் அப்படி வந்தவை. விபூதிபூஷணின் ‘பதேர் பாஞ்சாலி’யைச் சிறுவர்களுக்காகச் சுருக்கிப் போட்ட பதிப்புக்கும் ராய்தான் படம் வரைந்தார். இந்தக் கதையைப் படமாக எடுக்கலாம் என்ற எண்ணம் முளைத்தது அங்கேதான்.

இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். சிக்னெட் வேலை கீமரின் வேலை அல்ல. 1947இல் நண்பர்களோடு தொடங்கிய கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியும் கீமருடையது அல்ல. 1950இல் கம்பெனி அவரை லண்டன் அலுவலகத்துக்கு அனுப்பியது. பகலில் ஆபீஸ் வேலை. மிச்ச நேரத்தில் 99 படங்கள் பார்த்துத் தீர்த்தார். ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ அதில் ஒன்று. திரும்பி வரும் கப்பலில் ‘பதேர் பாஞ்சாலி’க்குக் குறிப்புகள் எழுதினார். தயாரிப்பாளர்களைத் தேடிப் போனபோது அவர் கையில் இருந்தது திரைக்கதைப் புத்தகம் அல்ல, காட்சி காட்சியாக மையில் வரைந்த ஒரு நோட்டு. லே-அவுட் போட்டுப் பழகிய கை.

1952 அக்டோபரில் படப்பிடிப்பு தொடங்கியது. வேலையை விடவில்லை, ஆகவே விடுமுறை நாட்களில்தான் ஷூட்டிங். நாணல் பூத்த வெளியில் முதல் நாள் எடுத்துவிட்டு, மிச்சத்தை அடுத்த வாரம் எடுக்கலாம் என்று போனால், இடையில் மாடுகள் பூவையெல்லாம் மேய்ந்து தீர்த்துவிட்டன. அடுத்த பூப்புக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று. விடுமுறையை மட்டுமே சொந்தமாக வைத்திருக்கிறவன் கட்டுகிற வட்டி அது. காசு தீர்ந்தபோது இன்ஷூரன்ஸ் பாலிசியும் மனைவி பிஜோயாவின் நகைகளும் போயின. படம் 1955இல் வெளியானது. அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் கீமரில் இருந்தார். அடுத்த படம் ‘அபராஜிதோ’ வந்த 1956 வாக்கில்தான் முழுநேர இயக்குநர் ஆனார்.

ஆக, விளம்பர ஏஜென்சி ராயை உருவாக்கியதா? கொஞ்சம். லே-அவுட், எழுத்துரு, கெடு தேதிக்குள் வேலையை முடிப்பது, இதெல்லாம் அங்கே படிந்தவை. ஆனால் இன்று நாம் ராய் என்று எதைச் சொல்கிறோமோ, அதில் பெரும்பகுதி ஏஜென்சி வாங்காமல் விட்ட நேரத்தில் நடந்தது. கீமர் அவருடைய பகலை விலை கொடுத்து வாங்கியது. ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் அவரிடமே இருந்தன. என் தங்கையிடம் காசு கொடுக்காமல் பகலை எடுத்துக்கொண்டார்கள், கூடவே ராத்திரியையும். கதையில் அவளிடம் சொல்லாமல் விட்ட பாதி இதுதான்.

கற்றுக்கொள்கிறவருக்குக் கூலி எதற்கு என்ற கேள்விக்கு இந்த நாடு எப்போதோ பதில் எழுதிவிட்டது. 1961ஆம் வருடத் தொழிற்பழகுநர் சட்டப்படி, தொழிற்சாலையில் லேத் பழகும் பையனுக்கு மாத உதவித்தொகை உண்டு. அந்தச் சட்டத்தின்படி பதிவாகாமல், ஒரு ஆஃபர் மெயிலோடு லேப்டாப் முன்னால் உட்கார்கிற பிள்ளைக்குத்தான் ‘எக்ஸ்போஷர்’. சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப்புக்கு யார் போக முடியும்? பெங்களூரில் சொந்தக்காரர் வீடு இருப்பவர்கள், அப்பா வாடகை அனுப்பக் கூடியவர்கள். மாமா வீட்டுக் கூரை இருந்த ராய்க்கே அந்த 80 ரூபாய் தேவைப்பட்டது. கூரையும் இல்லாதவர்கள் அந்த வாசலுக்கே வருவதில்லை. அவர்கள் வரைந்திருக்கக்கூடிய அட்டைகளை நாம் பார்க்கப் போவதும் இல்லை.

தங்கை இந்த வருடமும் விண்ணப்பிக்கிறாள். இன்டர்வியூவில் என்ன கேட்கலாம் என்று என்னிடம் கேட்டாள். மூன்று கேள்வி எழுதி அனுப்பினேன். மாதம் எவ்வளவு? யார் சொல்லிக் கொடுப்பார்கள்? சாயங்காலம் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம்? மூன்றாவதைக் கேட்டால் வேலை கிடைக்காதே என்றாள். இருக்கலாம். ஆனாலும் அதைத்தான் முதலில் கேட்கச் சொன்னேன்.