காதலின் பிரதிவாதிகள்: தாய்லாந்து தொலைக்காட்சி நாடகங்களும் தீர்ப்பின் அரசியலும்

1

சென்ற ஆண்டு வாசகர் வட்டக் கூட்டமொன்றில் வெகுசனப் பண்பாடு குறித்துப் பேசியபோது, தாய்லாந்து தொலைக்காட்சி நாடகங்கள் பற்றி ஒரு வரி சொல்லிவைத்தேன். 'வன்புணர்ச்சியைக் காதலாக மாற்றிக் காட்டும் குப்பை' என்பது அந்த வரி. யாரும் மறுக்கவில்லை. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது தோழி ஒருவர் கேட்டார்: "தோழர், நீங்க எத்தனை நாடகம் பாத்திருக்கீங்க?" உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒன்றுகூடப் பார்த்ததில்லை. இரண்டு ஆங்கிலக் கட்டுரைகள் படித்திருந்தேன், அவ்வளவுதான். "அப்ப பாக்காமலே தீர்ப்பு சொல்லிட்டீங்க. அந்த நாடகத்து ஹீரோவும் அதைத்தான் பண்ணுவான்" என்றார்.

இந்தக் கட்டுரை அந்தப் பேச்சிலிருந்துதான் தொடங்குகிறது. அதன்பிறகு மொழிபெயர்ப்பு வரிகளின் துணையோடு சில நாடகங்களைப் பார்த்தேன். (எனக்குத் 'தாய் மொழி' தெரியாது என்று எழுதினால் படிப்பவர்கள் வேறுமாதிரி புரிந்துகொள்வார்கள், தாய்லாந்து மொழி தெரியாது என்றே எழுதிவிடுகிறேன்.) பார்க்கப் பார்க்க, நாடகங்களைவிட அவற்றின் ரசிகர்களுக்குள் நடக்கும் சண்டைதான் என்னை உள்ளே இழுத்தது. எந்தக் கதாபாத்திரத்தை மன்னிக்கலாம், எந்த நாடகத்தை எந்த அளவுகோலால் அளக்கலாம், அளக்கும் உரிமை யாருக்கு? இவை இலக்கிய விமர்சனத்தின் கேள்விகள்தாம். சிற்றிதழ்க்காரர்கள் தமக்கு மட்டுமே உரியதாக நினைத்துக்கொண்டிருக்கும் கேள்விகள் என்றும் சொல்லலாம்.

2

கொஞ்சம் வரலாறு. தாய்லாந்தில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1955 ஜூன் 24 அன்று தொடங்கியது. 1932இல் முடியாட்சியின் முற்றதிகாரம் முடிவுக்கு வந்த நாள் அது. 1955இல் அதுவே தேசிய நாள். அலைவரிசைகள் நெடுங்காலம் ராணுவத்தின், அரசு நிறுவனங்களின் கையில் இருந்தன. 5ஆம் அலைவரிசை ராணுவத்துடையது. 7ஆம் அலைவரிசை ராணுவத்திடமும், 3ஆம் அலைவரிசை அரசு ஒலி-ஒளிபரப்பு நிறுவனத்திடமும் உரிமம் பெற்று நடந்த தனியார் நிலையங்கள். இந்த 3க்கும் 7க்கும் இடையே நடந்த வணிகப் போட்டியில்தான் 'லக்கோன்' எனப்படும் மாலைநேர நாடகம் இன்றைய வடிவத்தைப் பெற்றது.

கதைகள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் பெண்களுக்கான வார இதழ்களின் தொடர்கதைகளிலிருந்து. 1954இல் தொடங்கி 2016இல் நின்றுபோன 'சகுல் தாய்' அவற்றில் முக்கியமானது. எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள், படித்தவர்களும் பெண்கள். 1937இல் பாலியல் தொழிலாளி ஒருத்தியை நாயகியாக்கி நாவல் எழுதிய கோ சுராங்கனாங்தான் பிற்பாடு 'பான் சாய் தோங்' என்கிற மாளிகைக் காதல் கதையையும் எழுதினார். அது திரும்பத் திரும்பப் படமாகவும் நாடகமாகவும் எடுக்கப்பட்டது. ஆகவே 'ஆண்கள் பெண்கள்மீது திணித்த குப்பை' என்கிற எளிய சூத்திரம் இங்கே தொடக்கத்திலேயே உடைந்துபோகிறது.

இந்தக் கதைகளுக்குள் மூன்று இருக்கைகள் நிரந்தரமானவை. 'ப்ர ஏக்' நாயகன். 'நாங் ஏக்' நாயகி. இந்த 'ஏக்', நமக்குத் தெரிந்த 'ஏகம்'தான்: ஒன்றாமவர், முதன்மையானவர். மூன்றாவது 'நாங் ராய்', கெட்ட பெண்: நாயகன்மீது ஆசைப்பட்டுச் சூழ்ச்சி செய்பவள். இவர்களை வைத்து வளர்ந்த ஒரு வகைக்கு ரசிகர்களே வைத்த பெயர் 'தோப் ஜூப்', அதாவது அறை, முத்தம். நாயகன் அவமதிப்பான், அவள் அறைவாள், அவன் பலவந்தமாக முத்தமிடுவான். பல கதைகளில் முத்தத்தோடு நிற்பதில்லை.

3

இங்கே மொழி ஒரு வேலை செய்கிறது. வன்புணர்ச்சி என்ற குற்றத்துக்குத் தாய்லாந்து மொழியில் 'கொம் குன்' என்று ஒரு சொல் உண்டு. வில்லன் செய்தால் அது கொம் குன். நாயகன் செய்தால் 'ப்லாம்' என்பார்கள்: மல்லுக்கட்டுதல் என்பது அதன் நேர்ப்பொருள். செயல் ஒன்று, பெயர் இரண்டு. செய்தவனுக்குக் கதையில் எந்த இருக்கை என்பதைப் பொறுத்தே பெயர் அமைகிறது. சொல்லாடல் அதிகாரத்தை உற்பத்தி செய்கிறது என்று நாம் ஃபூக்கோவைப் புரட்டிச் சொல்லிக்கொண்டிருக்கும் விஷயத்தை அங்கே சந்தையில் மீன் விற்கிற பெண்ணும் தினமும் பயன்படுத்துகிறாள்.

சட்டமும் இதே இலக்கணத்தில்தான் இருந்தது. தாய்லாந்து குற்றவியல் சட்டத்தின் 276ஆம் பிரிவு, 'தன் மனைவியல்லாத பெண்ணை' என்றுதான் வன்புணர்ச்சியை வரையறுத்திருந்தது. 2007இல் வந்த திருத்தம்தான் அந்த விலக்கை நீக்கியது. இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொண்டு 'கு கம்' நாடகத்தைப் பாருங்கள். தொம்மயந்தி 1960களில் எழுதிய நாவல். இரண்டாம் உலகப் போர்க்கால பாங்காக். ஜப்பானிய அதிகாரி கோபோரி, அவனை மணக்க நேர்ந்த தாய்லாந்துப் பெண் அங்சுமாலின். 'கம்' நம் கருமம்தான். வினையால் பிணைந்த இணை என்பது தலைப்பின் பொருள். 1990இல் 7ஆம் அலைவரிசையில் வந்தபோது ரேட்டிங் 40ஐத் தொட்டதாக இன்றும் பேசுகிறார்கள். அந்தக் கதையில் கோபோரி குடிபோதையில் மனைவியைப் பலவந்தப்படுத்துகிறான். நாடே அழுது பார்த்த ஆண்டில் அது சட்டப்படி குற்றமே இல்லை.

'அந்தக் காலக் கதையை இந்தக் காலக் கண்ணால் பார்க்காதீர்கள்' என்பது ரசிகர் விவாதங்களில் அடிக்கடி கேட்கும் வாதம். நாவலைப் பொறுத்தவரை இதில் நியாயம் உண்டு. ஆனால் 'கு கம்' 2004இலும் 2013இலும் மறுபடி நாடகமாக எடுக்கப்பட்டது. எழுதிய காலம் ஒன்று. எடுக்கத் தேர்ந்தெடுத்த காலம் இன்னொன்று. முதலாவதற்குச் சலுகை தரலாம். இரண்டாவதற்குக் கணக்குக் கேட்டே ஆகவேண்டும்.

4

2008ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். திருத்தம் வந்த மறு ஆண்டு. 3ஆம் அலைவரிசையில் இரண்டு நாடகங்கள் பெரும் வெற்றி பெற்றன. ஒன்று 'ஜாம்லோய் ரக்'. 'காதலின் பிரதிவாதி' என்று பெயர்க்கலாம். தம்பியின் தற்கொலைக்கு ஒரு பெண்தான் காரணம் என்று நினைக்கும் நாயகன், அவளைக் கடத்திக் கொண்டுபோய்த் தண்டிக்கிறான். ஆனால் அவன் கடத்தியது ஆள் மாறி. உண்மையில் தொடர்புடையவள் அவளுடைய உறவுக்காரப் பெண். மற்றொன்று, கிருஷ்ணா அசோக்சின் நாவலிலிருந்து வந்த 'சவான் பியாங்': தந்தையின் இளம் மனைவிமீதுள்ள வெறுப்பை நாயகன் அவளுடைய தங்கைமீது தீர்த்துக்கொள்கிறான், வன்புணர்ச்சியாக.

ரசிகர்களின் கோபம் பெரும்பாலும் 'அவள் நிரபராதி' என்பதில்தான் குவிகிறது. நானும் முதலில் அப்படித்தான் கொதித்தேன். பிறகு தோன்றியது: சரி, ஆள் மாறாமல் சரியான பெண்ணையே கடத்தியிருந்தால்? அப்போது நாம் கோபப்பட்டிருப்போமா? நாடகத்தின் தந்திரம் இங்கேதான் இருக்கிறது. வன்முறை தவறு என்று அது சொல்லவில்லை. முகவரி தவறு என்றுதான் சொல்கிறது. நாயகன் தானே வழக்குத் தொடுத்து, தானே தீர்ப்பெழுதி, தானே தண்டனையை நிறைவேற்றுகிறான். அந்த அதிகாரம் அவனுக்கு எப்படி வந்தது என்ற கேள்வியை 'அவள் நிரபராதி' என்கிற நம் கண்ணீர் மூடிவிடுகிறது.

அதே 2008 ஜனவரியில் 5ஆம் அலைவரிசையில் விமானப் பணிப்பெண்கள் பற்றிய நாடகம் ஒன்று வந்தது. சீருடையில் இருக்கும் பணிப்பெண்கள் ஆணொருவனுக்காக அடித்துக்கொள்வதாகக் காட்டியதை எதிர்த்துத் தாய் ஏர்வேஸ் ஊழியர்கள் போராடினார்கள். அவர்கள் கோரிக்கை நியாயமானது. ஆனால் கவனியுங்கள்: தொழிலின் மானத்துக்குச் சங்கம் இருந்தது. கடத்தப்பட்ட நாயகிக்கு என்ன சங்கம்? 2013 ஜனவரியில் 'நுவா மேக் 2' என்கிற நாடகத்தை 3ஆம் அலைவரிசை கடைசி அத்தியாயங்களை ஒளிபரப்பாமலே நிறுத்திக்கொண்டது. ஊழல் அரசியல்வாதிகள் வரும் கதை. 'உள்ளடக்கம் பொருத்தமற்றது' என்றார்கள். அரசியல் நெருக்கடியோ என்று பார்வையாளர்கள் சந்தேகப்பட்டார்கள். எது பொருத்தம், எது பொருத்தமில்லை என்கிற தராசு யார் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

2014 ஜூலையில் இரவு ரயிலில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி வன்புணர்ந்து கொல்லப்பட்டபிறகு நாடு கொதித்தது. ஒருபக்கம் மரண தண்டனை கேட்டார்கள். இன்னொரு பக்கம், வன்புணர்ச்சியைக் காதலுக்கு முன்னுரையாகக் காட்டும் நாடகங்களை நிறுத்தச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். இந்தக் கையெழுத்துகள் உள்ளிருந்து வந்தவை. 'வெளிநாட்டு அளவுகோலால் எங்கள் பண்பாட்டை அளக்காதீர்கள்' என்கிற வாதத்துக்கு இதுதான் என் பதில். பண்பாடு ஒற்றைக் குரல் அல்ல. கையெழுத்திட்டவரும் அதே பண்பாட்டுக்காரர்தான்.

5

இன்னொரு சிக்கல் எழுதியவரைப் பற்றியது. தொம்மயந்தி 1970களில் வலதுசாரி அணியில் உரக்கப் பேசியவர். 1976 அக்டோபர் 6 அன்று தம்மசாத் பல்கலைக்கழக மாணவர்கள் படுகொலை செய்யப்பட்ட காலத்தின் அரசியலில் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பது பதிவாகியிருக்கிறது. பின்னாளில் தேசியக் கலைஞர் பட்டமும் பெற்றார். 2021இல் அவர் இறந்தபோது, 'கு கம்'மை நேசித்தவர்களே தங்களுக்குள் வழக்காடினார்கள். ஆசிரியரின் மரணத்தைப் பற்றிக் கோட்பாடு பேசுவது சுலபம். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் அதைச் சொல்ல முடியாது. அதற்காக அங்சுமாலினுக்காக அழுத லட்சக்கணக்கான பெண்களை வலதுசாரிகள் என்று முத்திரை குத்தவும் முடியாது. பிரதியின் அரசியல் வேறு. வாசிப்பின் அரசியல் வேறு.

புதிய நாடகங்களும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பவில்லை. 2016இல் வந்த 'சோடஸ்' இரண்டு ஆண்களின் காதலைச் சொன்னது. பொறியியல் புலத்தில் மூத்த மாணவன் புதியவர்களை வதைக்கும் முறைமைதான் அதன் களம். ஆண்-ஆண் காதலைத் திரைக்குக் கொண்டுவந்ததற்காகப் பாராட்டுவதா, ராகிங்கின் படிநிலையை இனிப்பாக்கியதற்காகக் கண்டிப்பதா? 2025 ஜனவரி 23 முதல் தாய்லாந்தில் ஒருபால் திருமணம் சட்டபூர்வமாகிவிட்டது. ஆனால், அதிகாரம் உள்ளவன் முதலில் துன்புறுத்தி அப்புறம் காதலிப்பான் என்கிற இலக்கணம் ஆண்-பெண் இணையிலிருந்து ஆண்-ஆண் இணைக்கு அப்படியே இடம்பெயர முடியும் என்பதை மறந்துவிடக் கூடாது. பிரதிநிதித்துவம் வந்துவிட்டதாலேயே விமர்சனத்துக்கு விடுமுறை கிடையாது.

6

நாங் ராய்க்கு வருவோம். பொய் சொன்னதற்கும் பொறாமைப்பட்டதற்கும் அவள் சித்தம் கலங்குகிறாள், முகம் சிதைகிறாள், சாகிறாள். கடத்தியவனுக்கும் பலவந்தம் செய்தவனுக்கும் கல்யாணம் நடக்கிறது. ரசிகர்களில் ஒரு பகுதியினர் இப்போது கேட்பது இந்த விகிதத்தைத்தான்: அவளுக்கு அவ்வளவு என்றால் இவனுக்கு எவ்வளவு? இது வெறும் ரசிகச் சண்டை இல்லை. குற்றத்துக்கும் தண்டனைக்கும் உள்ள விகிதம் பற்றிய விசாரணை. என்னைப்போன்ற விமர்சகன் 'குப்பை' என்று ஒதுக்கிய இடத்தில் அவர்கள் உட்கார்ந்து வரிவரியாக வழக்கை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

நியாயமான மதிப்பீடு என்று நான் இப்போது நினைப்பது இதுதான்: யார் செய்தாலும் செயலுக்கு ஒரே பெயர் வைப்பது. எழுதப்பட்ட காலத்தையும் எடுக்கப்பட்ட காலத்தையும் தனித்தனியே விசாரிப்பது. நாடகத்தைக் கூண்டில் ஏற்றும்போது பார்த்தவளையும் சேர்த்து ஏற்றாமல் இருப்பது. இந்தக் கடைசி விஷயத்தில் நான் தவறியவன்.

கட்டுரையின் முதல் வரைவை அந்தத் தோழியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "எல்லாம் சரி தோழர். ஆனா ஏன் பாக்குறோம்னு நீங்க கேக்கவே இல்லையே" என்றார். கேட்டேன். "கடைசியில அவன் தப்ப ஒத்துக்கிட்டு அழுவான். மன்னிப்பு கேட்டுப் பின்னாடியே அலைவான். அந்த ரெண்டு எபிசோடுக்காகத்தான் மீதி அத்தனையும் பாக்குறது. எங்க வீட்ல எந்த ஆம்பளையும் இதுவரைக்கும் எதுக்கும் மன்னிப்பு கேட்டதில்ல."

நாயகனின் மன்னிப்பு மலிவானது, கல்யாணத்தில் முடிவதற்காகவே எழுதப்பட்டது என்று அவரிடம் வாதிட என்னிடம் பாயிண்டுகள் இருந்தன. அவருக்கும் அது தெரியும். நான் வாதிடவில்லை.