ஒளியிழையில் அலைகளின் பரஸ்பரக் குறுக்கீடு: சாமராஜநகர் வனமார்க்கத்தை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

சாமராஜநகரிலிருந்து ஆசனூர், திம்பம் வழியாகச் சத்தியமங்கலத்துக்கு இறங்கும் மார்க்கம் நெடுந்தூரம் புலிகள் காப்பகங்களுக்குள்ளேயே செல்வதனால், அவ்வழியே ஒளியிழை பதிக்க எண்ணும் நிபுணர் எவருக்கும் ஒரு வினா இயல்பாக எழும்: சமவெளியில் ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்கு ஒன்றாக நிறுவப்படும் பெருக்கி நிலையத்துக்கு இடமும் மின்சாரமும் எளிதில் கிட்டாத வனப்பிரதேசத்தில், புறப்படும் இடத்திலேயே ஒளியின் சக்தியை வேண்டியமட்டும் உயர்த்தி அனுப்பிவிட்டால் என்ன? அவ்வாறு செய்வது பயன் தராது என்பதோடு கேட்டையும் விளைவிக்கும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஓர் இழையில் 80 அலைவரிசைகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிவாட் சக்தியுடன் செல்வதாகக் கொள்வோம். கூட்டினால் 80 மில்லிவாட், அற்பமான அளவுதான். ஆயினும் அது முழுவதும் சுமார் 80 சதுர மைக்ரான் பரப்புக்குள் ஒடுங்கிச் செல்வதால், அதன் செறிவு நண்பகல் சூரிய ஒளியினுடையதைப்போல் பத்து லட்சம் மடங்காகிறது. மின்புலம் ஒரு பொருளின் ஒளியியல் குணத்தை மாற்றும் என்று ஜான் கெர் 1875-இல் கண்ட தத்துவம் இங்கே ஒளியின் சொந்த மின்புலத்தாலேயே செயற்படுகிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் மிகச் சிறிதளவே மாறினாலும், அம்மாற்றம் கிலோமீட்டர் கணக்கில் திரண்டு, ஓர் அலைவரிசையின் ஏற்றத்தாழ்வு அடுத்ததன் கட்டத்தைக் குலைக்கிறது. மூன்று அலைகள் கூடி நான்காவதொன்றைப் பிறப்பிக்கின்றன. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்து 2002-இல் இயங்கத் தொடங்கிய ‘ஐ2ஐ’ கடலடிக் கேபிளின் ஒவ்வோர் இழை இணைக்கும் 105 அலைவரிசைகள் வகுக்கப்பட்டன. அத்தனை வரிசைகளிலிருந்து கணக்கின்படி தோன்றக்கூடிய கலப்பலைகள் 5,73,300. வரிசைகள் சம இடைவெளியில் நிற்குமாயின், இவற்றுட் பல ஏற்கெனவே செய்தி சுமக்கும் வரிசைகளின்மீதே வந்து விழுவதால், எந்த வடிகட்டியாலும் அவற்றைப் பிரித்தெடுக்க இயலாது.

சக்தியை இருமடங்காக்கினால் இக்குறுக்கீடு எண்மடங்காகிறது. ஆகவே குறுக்கீடு, பெருக்கிகளின் இரைச்சலில் சரிபாதியாகும் இடமே உத்தமமான நிலை. அதற்கு மேல் ஊட்டும் ஒவ்வொரு மில்லிவாட்டும் செய்தியைக் கெடுக்கவே பயன்படும். சக்தி பெருகப் பெருக இழையின் கொள்திறன் ஓர் உச்சியை எட்டிப் பின் சரியும் என்று பார்த்தா மித்ராவும் ஜேசன் ஸ்டார்க்கும் 2001-இல் ‘நேச்சர்’ இதழில் வாதித்ததும் இக்குறுக்கீட்டைக் கருதியே.

இவ்விடத்தில் நிறப்பிரிகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வெவ்வேறு அலைநீளங்கள் வெவ்வேறு வேகத்தில் செல்வதைப் பெருந்தோஷமாகக் கருதியே 1550 நானோமீட்டரில் அதனைப் பூஜ்யமாக்கிய இழைகளை 1980-களில் உருவாக்கினார்கள். ஒற்றை வரிசைக்கு அவை மிகச் சிறந்தவை. பல வரிசைகளை ஏற்றியபோதோ, எல்லா அலைகளும் ஒத்த நடையிட்டுச் சென்றமையால் கலப்பலைகள் தடையின்றி வளர்ந்தன. கிலோமீட்டருக்கும் நானோமீட்டருக்கும் சுமார் 17 பிகோசெகண்டு பிரிகையுள்ள சாதாரண இழையில் அவ்வலைகள் விரைவில் நடை பிறழ்ந்துவிடுவதால் கலப்பு வலுப்பெறுவதில்லை. பிரிகையால் சிதறிய செய்தியையோ ஏற்புக் கருவியிற் கணக்கிட்டே இன்று சீர்செய்துவிடலாம். தோஷம் என்று நீக்கப்பட்டதுதான் ரட்சகமாக இருந்தது என்பதை இத்துறையின் சரித்திரத்தில் முதன்மையான பாடமாக நான் மதிக்கிறேன்.

காட்டுவழிக்கு உரிய மாற்று, திருச்சிராப்பள்ளியிற் பிறந்து பெங்களூரில் வாழ்ந்து மறைந்த சர் சி. வி. ராமன் 1928 பிப்ரவரி 28-இல் அறிந்த விளைவிலேயே இருக்கிறது. ஏற்கும் முனையிலிருந்து 1450 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை எதிர்த்திசையிற் செலுத்தினால், கண்ணாடியின் அணுக்களே அதன் சக்தியைச் செய்தி அலைக்கு மாற்றித்தர, நெடுவழியின் கடைப்பகுதியில் இழையே பெருக்கியாகிவிடும். புறப்படும் இடத்தில் சக்தியை உயர்த்தவும் வேண்டா. அதே விளைவு குறுகிய அலைவரிசைகளின் சக்தியைக் கவர்ந்து நீண்டவற்றுக்கு அளிக்கும் என்பதும் உண்மையே. அதனை வரிசைகளின் அளவைத் திருத்திச் சமன்செய்யலாம். ஆதலின் வனமார்க்கங்களுக்குத் திட்டம் வகுப்போர், லேசரின் வலிமையை உயர்த்தக் கேட்பதற்கு முன், இழப்புக் குறைந்ததும் பரப்பு அகன்றதும் போதிய நிறப்பிரிகை உடையதுமான இழையையும் ராமன் பெருக்கத்தையும் கணக்கிட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.