டோக்கோ ஓட்டம்: கூர்க்கா சிப்பாய்கள் எவ்வாறு தெரிவு செய்யப்படுகிறார்கள்?

'கூர்க்கா' என்ற சொல் வடக்கு, கிழக்கில் ஒரு தலைமுறைக்கு 1987 ஆம் ஆண்டை நினைவூட்டும். அந்த ஆண்டு ஜூலையில் இலங்கைக்கு வந்த இந்திய அமைதிப் படையில் கூர்க்கா படைப்பிரிவுகளும் இருந்தன. அவர்கள் இடுப்பில் வைத்திருந்த வளைந்த குக்ரி கத்தியைப் பற்றிய கதைகள், அவர்கள் வருவதற்கு முன்னரே ஊர்களுக்கு வந்து சேர்ந்துவிட்டன. அவர்கள் எந்த ஊர்ப் பிள்ளைகள், ஏன் இன்னொரு நாட்டின் சீருடையை அணிந்தார்கள் என்று கேட்கும் நிலையில் அன்று எவரும் இருக்கவில்லை.

அந்தக் கேள்விக்கான பதிலின் ஒரு பகுதி நேபாள மலைச்சரிவுகளில் ஆண்டுதோறும் நடக்கும் உடற்தகுதிச் சோதனைகளில் இருக்கிறது. அவற்றுள் உலகம் அறிந்தது 'டோக்கோ ஓட்டம்'.

யார் இந்தக் கூர்க்காக்கள்?

காத்மண்டுவுக்கு மேற்கே உள்ள கோர்க்கா என்ற இடத்தின் பெயரிலிருந்து வந்ததே இச்சொல். 1814 முதல் 1816 வரை கிழக்கிந்தியக் கம்பனி நேபாளத்துடன் போரிட்டது. எதிரில் நின்றவர்களின் போர்த்திறனைக் கண்ட கம்பனி, போர் முடியும் முன்னரே, 1815 இல், அவர்களைத் தன் படையில் சேர்க்கத் தொடங்கியது. மகர், குருங், ராய், லிம்பு ஆகிய மலைச் சமூகங்களிலிருந்தே பெரும்பாலானோர் சேர்க்கப்பட்டனர். இரு உலகப் போர்களிலும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கூர்க்காக்கள் பிரித்தானியாவுக்காகப் போரிட்டனர்.

இந்தியா சுதந்திரம் அடைந்ததும் நேபாளம், இந்தியா, பிரித்தானியா ஆகிய மூன்றும் 1947 நவம்பரில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அப்போதிருந்த பத்து கூர்க்கா படைப்பிரிவுகளில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரித்தானியாவுக்கும் சென்றன. இங்கு வந்தவர்கள் இந்தியப் படையின் கூர்க்காக்கள். டோக்கோ ஓட்டம் பிரித்தானியப் படைக்கான தெரிவைச் சேர்ந்தது. இரண்டும் வேறுவேறு என்றாலும், இளைஞர்கள் வருவது பெரும்பாலும் ஒரே மலைக் கிராமங்களிலிருந்துதான்.

கூடையும் நெற்றிப் பட்டியும்

டோக்கோ என்பது மூங்கிலால் பின்னிய, மேலே அகன்று கீழே ஒடுங்கிய கூடை. 'நாம்லோ' எனப்படும் பட்டியை அதன் அடியில் கொடுத்து, மறுபக்கத்தை நெற்றியின் மேற்பகுதியில் மாட்டிச் சுமப்பார்கள். வாகனம் போகாத மலையில் புல், விறகு, எரு, தானியம், சில வேளை நோயாளி கூட இதில்தான் போவார்கள்.

தெரிவுச் சோதனையில் இந்தக் கூடையில் மணல் நிரப்பப்படும். நீண்ட காலமாக அறியப்பட்ட அளவு 25 கிலோ. ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தூரத்தை, செங்குத்தான மலைப்பாதையில், 48 நிமிடங்களுக்குள் கடக்க வேண்டும். சுமையும் நேர எல்லையும் காலத்துக்குக் காலம் மாறியுள்ளன.

கணக்குப் பார்த்தால் ஒரு கிலோமீற்றருக்கு 9 நிமிடம் 36 செக்கன். சமதரையில் வெறுங்கையுடன் வேகமாக நடப்பவர் இதற்குக் கிட்ட வருவார். ஆனால் 50 கிலோ எடையுள்ள ஓர் இளைஞனுக்கு இந்தச் சுமை அவன் எடையில் பாதி. பாதையோ ஏற்றம். அதனால் பலர் முழுத் தூரமும் ஓடுவதில்லை. ஓடக்கூடிய இடத்தில் ஓடி, மற்ற இடத்தில் குறுகிய எட்டு வைத்து, நிற்காமல் ஏறுகிறார்கள்.

இந்தச் சுமக்கும் முறையை ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். 2005 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஆய்வின்படி, நேபாளத்தின் ஆண் சுமையாளர்கள் சராசரியாகத் தமது உடல் எடையில் 90 வீதத்துக்கும் அதிகமான சுமையைக் கொண்டு செல்கிறார்கள். முதுகுப்பை சுமக்கும் மேலைநாட்டவரை விட அவர்கள் குறைந்த சக்தியையே செலவிடுகிறார்கள். சிறுவயது முதல் சுமந்து பழகிய உடலின் பலம் அது.

ஓட்டம் மட்டும் போதாது

டோக்கோ ஓட்டம் தெரிவின் ஒரு படி மட்டுமே. அதற்கு முன்னர் வயது, கல்விச் சான்றிதழ், உயரம், எடை, கண், காது, பல் ஆகியன பார்க்கப்படும். சமதரை ஓட்டம், பார் பிடித்து உடலை மேலே தூக்குதல் போன்ற சோதனைகள் உண்டு. ஆங்கிலம், கணிதம், நேர்முகத் தேர்வு ஆகியவற்றிலும் தேற வேண்டும். மலையில் முதலாவதாக வந்தவர் ஆங்கிலத்தில் பின்தங்கி வீடு திரும்புவதும் நடக்கிறது. ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்க, எடுபடுவோர் சில நூறு பேரே. சிங்கப்பூர் பொலிஸில் 1949 முதல் இயங்கும் கூர்க்காப் பிரிவுக்கும் இதே தெரிவிலிருந்தே ஆட்கள் எடுக்கப்படுகிறார்கள்.

இந்தியப் படையின் ஆட்சேர்ப்புச் சோதனை வேறு. அங்கு முக்கியமானது 1.6 கிலோமீற்றர் ஓட்டம். 5 நிமிடம் 30 செக்கனுக்குள் முடித்தால் 60 புள்ளிகள்; பாரில் பத்துத் தடவை உடலைத் தூக்கினால் 40 புள்ளிகள்; 9 அடிப் பள்ளத்தையும் தாண்ட வேண்டும்.

எப்படித் தயாராகிறார்கள்?

பொக்காரா போன்ற நகரங்களில் இதற்கென்றே தனியார் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. கிராமத்து இளைஞர்கள் பணம் கட்டி, மாதக்கணக்கில் தங்கிப் பயில்கிறார்கள். விடியுமுன் ஓட்டம், பகலில் ஆங்கிலமும் கணக்கும், மாலையில் பார், தண்டால். கூடையும் மணலும் பின்னர்தான் வரும்.

எந்த நாட்டுப் படைச் சோதனைக்கும் பொதுவான ஒழுங்கு இதுதான். முதலில் வெறுங்கையுடன் நீண்ட நேரம் ஓடப் பழக வேண்டும். பிறகு ஏற்றம். கடைசியில் சுமை, அதுவும் சிறிது சிறிதாக. கால் தசை சில வாரங்களில் பலம் பெற்றுவிடும். எலும்புக்கும் மூட்டு நாருக்கும் அதைவிடக் கூடுதல் காலம் தேவை. அவசரப்பட்டுச் சுமையைக் கூட்டுவோருக்கு முழந்தாளுக்குக் கீழே உள்ள எலும்பில் மெல்லிய வெடிப்பு ஏற்படலாம். ஓடும்போது ஓரிடத்தில் மட்டும் குத்தும் வலி இருந்து, அது ஓய்விலும் நீடித்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும். சோதனைக்கு முந்திய சில நாட்களில் பயிற்சியைக் குறைத்து, நன்றாகச் சாப்பிட்டு, உறங்க வேண்டும். முதல் கிலோமீற்றரில் வேகத்தைக் கொட்டிவிடுபவர் பின்பாதியில் அதற்கு விலை கொடுப்பார்.

வெப்பம் இன்னொரு ஆபத்து. 2013 ஜூலையில் பிரித்தானியாவின் வேல்ஸ் மலைப்பகுதியில், கடும் வெயிலில், விசேட படையான எஸ்.ஏ.எஸ். இற்கான தெரிவு நடைபயணத்தில் மூன்று தொண்டர் படையினர் வெப்ப நோயால் இறந்தனர். அதில் கவனயீனம் இருந்ததாக 2015 இல் மரண விசாரணை முடிவு கூறியது. தலைசுற்று, தடுமாற்றம், பேச்சுக் குழறல் தோன்றினால் அது மனவுறுதியால் வெல்லக்கூடிய களைப்பு அல்ல. உடனே நிறுத்தி, நிழலில் கிடத்தி, நீரால் உடலைக் குளிரச் செய்து, மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.

மலையின் உச்சியில் என்ன இருக்கிறது?

நேபாளத்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ நான்கிலொரு பங்குக்கு ஈடான பணம் வெளிநாட்டில் உழைப்போர் அனுப்புவது. எடுபட்டவன் இங்கிலாந்தின் கற்றரிக் முகாமுக்குப் பயிற்சிக்குப் போகிறான். அவன் குடும்பத்தின் நிலை மாறிவிடுகிறது. எடுபடாதவன் பயிற்சிக்கு வாங்கிய கடனுடன் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ போகிறான்.

எடுபட்டவர்களுக்கும் எல்லாம் எளிதாகக் கிடைக்கவில்லை. 1997 இற்கு முன்னர் ஓய்வு பெற்ற கூர்க்காக்களுக்குப் பிரித்தானியாவில் குடியேறும் உரிமை, பெரும் போராட்டத்தின் பின்னர் 2009 இலேயே கிடைத்தது. ஓய்வூதியத்தில் சமத்துவம் கேட்டு முன்னாள் படையினர் 2021 ஓகஸ்டில் இலண்டனில் பிரதமரின் வாசஸ்தலம் எதிரே 13 நாட்கள் உண்ணாவிரதம் இருந்தனர்.

இந்தியாவுக்கான வழியும் இப்போது அடைபட்டிருக்கிறது. நான்கு ஆண்டுச் சேவையின் பின் நான்கிலொரு பங்கினரை மட்டும் நிரந்தரமாக வைத்திருக்கும் 'அக்னிபாத்' திட்டத்தை இந்தியா 2022 இல் கொண்டுவந்தது. அது 1947 உடன்பாட்டுக்கு ஏற்றதல்ல என்று கூறி நேபாளம் ஆட்சேர்ப்பை நிறுத்தியது. அடுத்த ஆண்டு முதல் நேபாள இளைஞர்கள் ரஷ்யப் படையில் சேர்ந்து உக்ரேன் போரில் இறக்கும் செய்திகள் வந்தன. 2024 ஜனவரியில் ரஷ்யாவுக்கும் உக்ரேனுக்கும் வேலைக்குச் செல்லும் அனுமதியை நேபாளம் நிறுத்தியது. அதே ஆண்டு, ஐரோப்பா போகப் புறப்பட்ட தம் பிள்ளைகள் ரஷ்யப் படையில் சிக்கியிருப்பதாக எமது வடபகுதிக் குடும்பங்களும் முறையிட்டன. அவர்கள் எந்த மலையும் ஏறி அதற்குத் தெரிவானவர்கள் அல்லர்.

1987 இல் எமது ஒழுங்கைகளில் நின்ற சிப்பாயும் இப்படி ஏதோ ஒரு மைதானத்தில் ஓடித் தெரிவானவன்தான். அங்கு நடந்தவற்றின் பொறுப்பு இதனால் குறைந்துவிடாது. ஆனால் காணியை ஈடு வைத்து, நகையை விற்றுப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய வீட்டாருக்கு, பொக்காராவில் நிறுத்தக் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருக்கும் ஒரு தாயின் நிலை விளங்காமல் இராது.