முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை: பழைய காயம் உள்ளவர்களுக்குக் கணினி வழிகாட்டல்

முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சையில் தேய்ந்த என்பு முனைகளை வெட்டி நீக்கிவிட்டு, உலோகமும் பிளாஸ்ரிக்கும் சேர்ந்த செயற்கை மூட்டைப் பொருத்துகிறார்கள். வெட்டும் கோணம் மிக முக்கியம். இடுப்பு மூட்டின் மையத்திலிருந்து முழங்காலின் நடுவூடாகக் கணுக்காலின் நடுவுக்கு நேர்கோடு விழவேண்டும். 3 பாகைக்கு மேல் விலகினால் பாரம் ஒரு பக்கம் ஏறி மூட்டு விரைவில் தளரலாம் என்பது நெடுங்காலக் கருத்து.

வழமையான முறையில், தொடை என்பினுள் நீண்ட உலோகக் கம்பியொன்றைச் செலுத்தி அதைக் கொண்டே கோணத்தை அளப்பார்கள். என்பு நேராக இருந்தால் இது போதும். எறிகணையிலோ துப்பாக்கிச் சூட்டிலோ தொடை முறிந்து கோணலாகப் பொருந்தியவர்களுக்கும், உள்ளே ஆணி இருப்பவர்களுக்கும் அந்தக் கம்பி போகாமல் விடலாம். போனாலும் பிழையான கோணத்தைக் காட்டலாம். கணினி வழிகாட்டல் கூடுதலாக உதவுவது இத்தகையவர்களுக்குத்தான்.

தொடை என்பிலும் கீழ்க்கால் என்பிலும் சிறு ஊசிகளால் அடையாளக் குறிகள் பொருத்தப்படும். அவற்றின் அசைவை அகச்சிவப்புக் கதிர்க் கமெரா பின்தொடரும். வைத்தியர் காலை வட்டமாகச் சுழற்ற, அந்த அசைவிலிருந்தே இடுப்பு மூட்டின் மையத்தைக் கணினி கணித்துவிடும். கோணம் திரையில் தெரியும். வெட்டுவது வைத்தியரின் கைதான். இம்முறையில் முதலாவது முழங்கால் மாற்றம் 1997 ஜனவரியில் பிரான்ஸின் கிரனோபிள் நகரில் நடந்தது.

விளம்பரங்களை அப்படியே நம்பவேண்டியதில்லை. கோணப் பிழை குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. வலியிலும் நடையிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவுஸ்திரேலிய மூட்டு மாற்றுப் பதிவேட்டைக் கொண்டு 2015இல் வெளியான ஆய்வில், 65 வயதுக்குக் குறைந்தவர்களிடையே 9 ஆண்டுகளுக்குள் மீள் சத்திரசிகிச்சை தேவைப்பட்டவர்கள் வழமையான முறையில் 7.8 வீதம், கணினி முறையில் 6.3 வீதம். சத்திரசிகிச்சை நேரம் சற்றுக் கூடும். ஊசி ஏற்றிய இடத்தில் அரிதாக என்பு முறிவதும் உண்டு.

பழைய கிருமித்தொற்றுக்குக் கணினியிடம் மருந்தில்லை. காயம் முன்னர் சீழ் பிடித்திருந்தால், எத்தனை ஆண்டுகள் கடந்திருந்தாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் மூட்டு நீர்ப் பரிசோதனையும் முதலில் செய்வார்கள். உடலில் உலோகச் சிதறல் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் அதையும் சொல்லவேண்டும். இடுப்பு முதல் கணுக்கால் வரை நின்றபடி எடுத்த எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேளுங்கள். இடப்பெயர்வில் பழைய வைத்தியசாலை அட்டைகள் தொலைந்திருந்தால், காயப்பட்ட ஆண்டு, எத்தனை தடவை சத்திரசிகிச்சை நடந்தது, உள்ளே தகடோ ஆணியோ இருக்கிறதா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம்.