முன்சக்கரத்துக்கு வந்த இழுவை
சேத்துல டிராக்டர் மாட்டினா பின்சக்கரம் சுத்தச் சுத்தப் பள்ளம்தான் ஆழமாகும். முன்சக்கரம் சும்மா நிக்கும். 1950களில் அமெரிக்கப் பண்ணைக்காரங்களுக்கும் இதே பாடுதான். செவர்லே சபர்பன் வண்டியில எட்டுப் பேர் போகலாம், ஆனா இழுவை பின்சக்கரத்துக்கு மட்டும். மினியாபொலிஸ் நகரத்துல உதிரிபாக வியாபாரம் பண்ணின நாப்கோ ஒரு வழி கண்டுச்சு. இன்ஜின் சக்தியை முன்னாலயும் பிரிச்சு அனுப்ப ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ், சக்கரத்தை இழுக்கிற முன் ஆக்ஸில். அந்த ஆக்ஸிலுக்குக் கூடு புதுசா வார்க்கலை. வண்டியோட பின் ஆக்ஸில் கூட்டையே மாத்தி அமைச்சாங்க. எனக்குப் பிடிச்சது அதுதான். பல்சக்கரம் போனா பக்கத்து ஊர்க் கடையிலயே கிடைக்குமே! பழைய வண்டியை வித்தா, இதை மட்டும் கழட்டிப் புது வண்டியில மாட்டிக்கலாம். 1957ல செவர்லேயே அந்த செட்டை வாங்கி, தன் ஃபேக்டரியில மாட்டி வித்தது. 1960ல சொந்தமா செஞ்சுக்கிட்டு, நாப்கோவை விட்டுருச்சு.