பல் மருத்துவ உயர்படிப்பும் இராணுவ சேவைக் கடப்பாடும்

பல் மருத்துவ உயர்படிப்பும் இராணுவ சேவைக் கடப்பாடும் என்னும் இக்கட்டுரை, படையில் குறிப்பிட்ட காலம் பணியாற்ற வேண்டிய பொறுப்புடைய பல் மருத்துவர் ஒருவர் முதுநிலைச் சிறப்புப் படிப்பை எவ்வாறு மேற்கொள்கிறார் என்பதை விளக்குகிறது. இக்கடப்பாடு இரு வகையில் உருவாகிறது. தென் கொரியா போன்ற நாடுகளில் கட்டாய இராணுவ சேவைச் சட்டம் இதனை விதிக்கிறது. கட்டாய சேவை இல்லாத இந்தியாவில், படை அதிகாரியாக ஆணை பெறும்போதோ படைத்துறை நிறுவனத்தில் ஒப்பந்தப் பத்திரம் எழுதிக் கொடுத்துப் படிக்கும்போதோ ஒருவர் தாமே இதனை ஏற்றுக்கொள்கிறார். இரண்டிலும் படிப்பு முன்னா, சேவை முன்னா என்னும் வரிசையே ஒருவருடைய தொழில் வாழ்வைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

காலக் கணக்கு

இந்தியாவில் இளநிலைப் பல் மருத்துவப் பட்டமான பி.டி.எஸ். நான்கு ஆண்டுப் படிப்பையும் ஓராண்டு சுழல்முறை உள்ளிருப்புப் பயிற்சியையும் கொண்டது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்து நேரே சேரும் மாணவர் ஏறத்தாழ 23 வயதில் பட்டம் பெறுவார். முதுநிலைப் பட்டமான எம்.டி.எஸ். மேலும் மூன்று ஆண்டுகள். இடைவெளியின்றிப் படித்தால் 26 வயதில் ஒருவர் சிறப்பு மருத்துவர் ஆகலாம். நுழைவுத் தேர்வுக்கான காத்திருப்பு சேர்ந்தால் இவ்வயது உயரும்.

படைகள் இளம் அதிகாரிகளை எதிர்பார்ப்பதும் இதே வயதில்தான். ஐந்து ஆண்டு சேவையை முதலில் முடிப்பவர் ஏறத்தாழ 28 வயதில் படிப்புக்குத் திரும்புகிறார். அதற்குள் கல்லூரிப் பாடங்களிலிருந்து விலகிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். படிப்பை முதலில் முடிப்பவரோ கைத்தேர்ச்சி பெற்ற நிலையில் படைக்குச் செல்கிறார். ஆனால், அங்கு அவருக்குத் தம் சிறப்புத் துறையிலேயே பணி கிடைக்கும் என்னும் உறுதி எப்போதும் இருப்பதில்லை.

வரலாறு

படைகளில் பல் மருத்துவத்துக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்னும் கருத்து பிரித்தானியாவில் போயர் போரின் (1899-1902) பட்டறிவால் வலுப்பெற்றது. கெட்டியான மாச்சில்லுகளையும் இறைச்சியையும் மெல்ல முடியாத வீரர்கள் களத்தில் பயனற்றுப் போயினர். ஐக்கிய அமெரிக்காவின் இராணுவப் பல் மருத்துவப் படை 1911 ஆம் ஆண்டிலும், பிரித்தானியாவின் படை 1921 ஆம் ஆண்டிலும் உருவாக்கப்பட்டன. முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிச் சண்டையில் முகமும் தாடையும் சிதைந்தோர் மிகுந்தனர். அவர்களைச் சீராக்கும் பணியில் பல் மருத்துவர்களும் அறுவை மருத்துவர்களும் இணைந்து செயற்பட்டதே இன்றைய வாய், முகத்தாடை அறுவை மருத்துவத்தின் வளர்ச்சிக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகும்.

இந்தியாவில் இராணுவப் பல் மருத்துவப் படை 1941 பெப்ரவரி 1 அன்று, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்டது. அப்போது நாட்டில் முறையான பல் மருத்துவக் கல்வி வளர்ச்சியின் தொடக்க நிலையிலேயே இருந்தது. இரபியுத்தீன் அகமது 1920 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நிறுவிய கல்லூரியே இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியாகும். பல் மருத்துவர் சட்டம் 1948 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்கீழ் இந்தியப் பல் மருத்துவக் கழகம் 1949 ஆம் ஆண்டில் அமைந்தது. சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023 ஆம் ஆண்டில் நிறைவேற்றியது.

இந்தியாவில் உள்ள வழிகள்

புனேயிலுள்ள படைத்துறை மருத்துவக் கல்லூரி எம்.பி.பி.எஸ். மாணவர்களைப் பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் சேர்த்துக்கொள்கிறது. அங்கு பி.டி.எஸ். படிப்பு இல்லை. எனவே இராணுவப் பல் மருத்துவர்கள் குடிசார் கல்லூரிகளில் பட்டம் பெற்று வந்தவர்களே. அவர்களுக்குச் சேவைக் கடப்பாடு பட்டத்துக்குப் பின்னரே தொடங்குகிறது. உயர்படிப்பையும் சேவையையும் இணைக்க மூன்று வழிகள் உள்ளன.

1. சேவைக்குப் பின் படிப்பு: பி.டி.எஸ். முடித்தவர் குறுகியகால ஆணை பெற்று இராணுவப் பல் மருத்துவப் படையில் கப்டன் தரத்தில் சேர்கிறார். விண்ணப்பதாரர்கள் எம்.டி.எஸ். படிப்புக்கான நீட் தேர்வு மதிப்பெண் அடிப்படையில் நேர்காணலுக்கு அழைக்கப்படுகின்றனர். மருத்துவப் பரிசோதனையும் உண்டு. தொடக்கச் சேவைக் காலம் 5 ஆண்டுகள். அதனை மேலும் 9 ஆண்டுகள் வரை நீட்டித்து, மொத்தம் 14 ஆண்டுகள் பணியாற்றலாம். புதிதாகச் சேர்வோருக்கு இலக்னோவிலுள்ள இராணுவ மருத்துவப் படை மையத்திலும் கல்லூரியிலும் அடிப்படைப் பயிற்சி அளிக்கப்படுகிறது. சேவைக் காலம் முடிந்து வெளிவருபவர் மற்றவர்களைப் போலவே மீண்டும் நுழைவுத் தேர்வு எழுதிப் படிக்கலாம்.

2. சேவைக்குள் படிப்பு: நிரந்தர ஆணை பெற்ற அதிகாரிகள் பணியில் இருந்தபடியே முதுநிலைப் படிப்புக்குத் தெரிவு செய்யப்படுகின்றனர். புனே படைத்துறை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவத் துறையும், தில்லியிலுள்ள இராணுவப் பல் மருத்துவ ஆய்வு மற்றும் பரிந்துரை மையமும் இப்படிப்பை வழங்குகின்றன. படிக்கும் காலத்திலும் அதிகாரிக்கு ஊதியம் உண்டு. ஆயின் எவ்வாண்டு அனுப்புவது, எத்துறையில் இடம் அளிப்பது என்பவற்றில் படையின் தேவையே முதலிடம் பெறும். படிப்பு முடிந்தபின் மேலும் சில காலம் பணியாற்றும் பொறுப்பும் சேர்ந்துகொள்ளும்.

3. படிப்புக்குப் பின் சேவை: குடிசார் கல்லூரியில் எம்.டி.எஸ். முடித்தவர் அதன்பின் படையில் சேரலாம். படைத்துறை மருத்துவ நிறுவனங்களின் முதுநிலை இடங்கள் முன்னுரிமை வரிசைப்படி நிரப்பப்படுகின்றன. பணியிலுள்ள அதிகாரிகளே இவ்வரிசையில் முதலில் நிற்பர். பிற பிரிவினருக்குப் பின் எஞ்சும் இடங்களில் குடிசார் மாணவர்கள் சேரும்போது, பின்னர் குறுகியகால ஆணையில் பணியாற்ற ஒப்புக்கொண்டு பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எம்.டி.எஸ். படிப்புக்கான நீட் தேர்வு 2017 ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஒரே தேர்வின் மதிப்பெண் உயர்படிப்புக்கும் படைச் சேர்க்கைக்கும் பயன்படுவதால், ஒரே மாணவர் இரண்டு வாயில்களிலும் ஒரே நேரத்தில் காத்திருக்க நேர்கிறது. தகுதி, வயது, இடங்களின் எண்ணிக்கை ஆகியவை அறிவிப்புக்கு அறிவிப்பு மாறக்கூடியவை.

பெண்களுக்கான இடங்கள்

இராணுவப் பல் மருத்துவப் படையின் ஒரு சேர்க்கை அறிவிப்பில் 30 இடங்களுள் 27 ஆண்களுக்கும் 3 பெண்களுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. இதனால் ஆண்களைவிடத் தேர்வில் முன்னணியில் இருந்த பெண்கள் நேர்காணலுக்கு அழைக்கப்படாத நிலை ஏற்பட்டது. இது தொடர்பான வழக்கில் 2023 ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் இவ்வொதுக்கீட்டைக் கடுமையாக விமர்சித்தது. இனிவரும் சேர்க்கைகள் பாலின வேறுபாடின்றி நடைபெறும் என அரசு தெரிவித்தது.

சிறப்புத் துறைகளும் படையின் தேவையும்

இந்தியாவில் எம்.டி.எஸ். பட்டம் ஒன்பது துறைகளில் வழங்கப்படுகிறது. செயற்கைப் பல் சீரமைப்பு, ஈறு நோயியல், வாய் மற்றும் முகத்தாடை அறுவை மருத்துவம், பற்காப்பு மற்றும் வேர்க்குழல் மருத்துவம், பல் வரிசைச் சீரமைப்பு, வாய் நோய்க்கூற்றியல், பொதுநலப் பல் மருத்துவம், குழந்தைப் பல் மருத்துவம், வாய் மருத்துவம் மற்றும் கதிரியல் என்பன அவை.

இவற்றுள் முகத்தாடை அறுவை மருத்துவம் போர்க்களத்துடன் நேரடித் தொடர்புடையது. குண்டுச் சிதறலால் உடைந்த தாடையைப் பொருத்துவதற்கும் மூச்சுவழியைக் காப்பதற்கும் இவ்வல்லுனர்கள் தேவை. இழந்த தாடைப் பகுதிக்கும் பற்களுக்கும் மாற்று அமைப்பது செயற்கைப் பல் சீரமைப்பு வல்லுனரின் பணி. வானோடிகளுக்குச் சரியாக நிரப்பப்படாத சொத்தைப் பல்கூட உயரத்தில் வளியழுத்தம் மாறும்போது கடும் வலியைத் தரும். உயிரிழந்தோரை அடையாளம் காண்பதிலும் பற்களின் பதிவு உதவுகிறது. அமைதிக் காலத்திலோ வீரர்களுக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் அன்றாடப் பல் மருத்துவமே பெரும்பகுதி வேலையாகும். சிறப்புப் படிப்பை முடித்தவரும் பெரும்பாலும் இப்பொதுப் பணியையே செய்ய நேரிடலாம்.

படையில் சேரும் வீரருக்கும் பல் தகுதி உண்டு. இந்திய இராணுவத்தில் குறைந்தது 14 பற்புள்ளிகள் இருக்க வேண்டும். எதிரெதிர்த் தாடைகளில் பொருந்தும் முன்பற்கள், கோரைப் பற்கள், முன்கடைவாய்ப் பற்கள் ஆகியவற்றின் ஒவ்வோர் இணைக்கும் 1 புள்ளி. நன்கு வளர்ந்த கடைவாய்ப் பற்களின் ஒவ்வோர் இணைக்கும் 2 புள்ளிகள். 32 பற்களும் நன்றாக இருந்தால் 22 புள்ளிகள் கிடைக்கும்.

பிற நாடுகள்

தென் கொரியா: உடற்தகுதியுள்ள ஆண்கள் அனைவருக்கும் இராணுவ சேவை கட்டாயம். தரைப்படையின் சாதாரண வீரர் 18 மாதங்கள் பணியாற்றுகிறார். பல் மருத்துவர்களோ பல் மருத்துவ அதிகாரியாகவோ ஊர்ப்புற நலவாழ்வு நிலையங்களில் பொதுநலப் பல் மருத்துவராகவோ 3 ஆண்டுகள் பணியாற்றுகின்றனர். மருத்துவமனைகளில் சிறப்புப் பயிற்சியில் சேர்வோர் மருத்துவ அதிகாரிப் பயிலுநர்களாகப் பதிவு பெற்று, 33 வயது வரை சேவையை ஒத்திவைக்கலாம். அப்பதிவுக்குப் பின் சாதாரண வீரராகக் குறுகிய காலம் பணியாற்றும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. சிறப்புப் பயிற்சியை முடித்தவர் கப்டன் தரத்தில் சேர்கிறார். சேவைக்கால வேறுபாடு மிகுந்ததால் மருத்துவ மாணவர்களுள் ஒரு பகுதியினர் சாதாரண வீரராகச் சேர்வதையே விரும்பத் தொடங்கியமை அந்நாட்டில் விவாதப் பொருளாகியுள்ளது.

ஐக்கிய அமெரிக்கா: கொரியப் போரை ஒட்டி 1950 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், மருத்துவர்களுடன் பல் மருத்துவர்களையும் கட்டாயச் சேர்க்கைக்கு உட்படுத்தியது. கட்டாயச் சேர்க்கை 1973 ஆம் ஆண்டில் முடிவுற்றது. அதற்கு முன்னதாக, 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உதவித்தொகைத் திட்டம் ஒன்று உருவாக்கப்பட்டது. படை படிப்புச் செலவை ஏற்கும்; மாணவர் பின்னர் பணியாற்றிக் கடப்பாட்டைத் தீர்ப்பார். சட்டக் கடமை ஒப்பந்தக் கடமையாக மாறியதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இசுரேல்: தெரிவு செய்யப்படும் மாணவர்கள் முதலில் பட்டம் பெற்று, பின்னர் தம் துறையிலேயே நீண்ட காலம் படையில் பணியாற்றும் கல்விசார் ஒத்திவைப்புத் திட்டம் உள்ளது.

ஊர்ப்புற மாணவர் நோக்கில்

தருமபுரி மாவட்டத்திலுள்ள கடத்தூர் போன்ற பேரூர்களின் மாணவர் பல் மருத்துவம் படிக்கச் சென்னை, சேலம், சிதம்பரம் போன்ற ஊர்களுக்குச் செல்ல வேண்டியுள்ளது. தனியார் கல்லூரிகளில் எம்.டி.எஸ். கட்டணம் மிகுதி. எனவே ஊதியத்துடன் படிக்கும் படைத்துறை வழி வசதி குறைந்த குடும்பத்தினருக்குப் பயன் தரக்கூடியது. அதற்கு ஈடாகக் கொடுப்பது இளமையின் சில ஆண்டுகளையும், பணியிடத்தையும் துறையையும் தாமே தெரிவு செய்யும் உரிமையையும் ஆகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தருமபுரி மாவட்டம் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த பகுதி. பற்களில் கறையும் அரிப்பும் ஏற்படுத்தும் புளோரோசிசு நோய் இங்கு நெடுங்காலமாக மக்களைத் தாக்கி வந்துள்ளது. இதனைத் தணிக்கும் நோக்குடன் சப்பானிய நிதியுதவியால் அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட பற்களுக்கு மருத்துவமும் இனி வராமல் காக்கப் பொதுநலப் பல் மருத்துவமும் தேவைப்படுகின்றன. தென் கொரியா தன் பல் மருத்துவர்களின் படைக் கடமையை ஊர்ப்புற நலவாழ்வு நிலையங்களிலும் நிறைவேற்ற இடமளிப்பது இவ்வகையில் கருதத்தக்கது. அங்கு ஒரே கடப்பாடு படைக்கும் பயன்படுகிறது. மருத்துவர் குறைந்த ஊர்களுக்கும் பயன்படுகிறது.

இவற்றையும் பார்க்க

பல் மருத்துவம்
இந்தியத் தரைப்படை
கட்டாய இராணுவ சேவை
தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி
ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்