76 சென்டிமீட்டர்: ஒரு ஹார்ட் டிஸ்க் பெட்டிக்குள்ள இருக்கிற வரலாறு

இந்த எபிசோட ஒரு சத்தத்தோட ஆரம்பிக்கிறேன்.

[பெட்டிக்குள் ஏதோ உருண்டு மோதும் சத்தம்]

கேட்டுச்சா? ஒரு அட்டைப்பெட்டிக்குள்ள ரெண்டு ஹார்ட் டிஸ்க்க போட்டு லேசா ஆட்டினேன், அவ்வளவுதான். ரெண்டும் செத்துப்போன டிஸ்க், அதனால பயப்படாதீங்க. ஆனா இதே சத்தத்தோடதான் ரெண்டு வருஷம் முன்னாடி இவங்க ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வந்தாங்க. அப்ப ரெண்டும் புதுசு.

ஆன்லைன்ல வாங்கினது. ஒரு மிக்ஸி வைக்கிற அளவு பெரிய பெட்டி. உள்ள வெள்ளிக் கலர் கவர்ல ரெண்டு டிஸ்க், கூட ரெண்டு காத்துப் பை. ஒரு பை வழியிலேயே வெடிச்சிருந்தது. டிஸ்க் ரெண்டும் அடியில ஒண்ணு மேல ஒண்ணு கிடந்தது. எடுத்து மாட்டினேன், ஓடுச்சு. சரி, அதிர்ஷ்டம்னு விட்டுட்டேன்.

நான் ரெண்டு டிஸ்க் வாங்கினதுக்கு ஒரு காரணம் இருந்தது. ரெய்டு 1, அதாவது ஒரே டேட்டாவ ரெண்டு டிஸ்க்லயும் எழுதி வைக்கிற முறை. ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல போற வாய்ப்பு ரொம்பக் குறைவு. இந்தக் கணக்கு காலேஜ்ல படிச்சது, பரீட்சையிலயும் எழுதினது. ஆனா அதுக்கு ஒரு நிபந்தனை உண்டு: ரெண்டு தோல்வியும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம இருக்கணும். ஒரே பெட்டியில, ஒரே லாரியில, ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு வந்த ரெண்டு டிஸ்க்குக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

அஞ்சு மாசத்துல முதல் டிஸ்க் எரர் காட்ட ஆரம்பிச்சது. புதுசு வாங்கி மாட்டி காப்பி ஓடிட்டு இருக்கும்போதே ரெண்டாவதும் போயிடுச்சு. அதுல நம்ம பாட்காஸ்ட்டோட பழைய ஒலிப்பதிவுகள் இருந்தன. பெரும்பாலானது போனா பரவாயில்ல. ஆனா எங்க தாத்தாகிட்ட மூணு மணி நேரம் பேசினது அதுலதான் இருந்தது. எபிசோடா வந்தது நாப்பது நிமிஷம். மிச்சம் இப்ப இல்ல. தாத்தாவும் இல்ல.

"ரெய்டு பேக்கப் கிடையாது ப்ரோ"ன்னு சொல்லப் போறீங்க. தெரியும். அந்தப் பாடத்த முழு ஃபீஸ் கட்டிக் கத்துக்கிட்டேன். இன்னொண்ணும் நேர்மையா சொல்லிடறேன்: பார்சல்ல பட்ட அடிதான் காரணம்னு என்னால நிரூபிக்க முடியாது. யாராலயும் முடியாது. அங்கதான் இந்த வரலாறே ஆரம்பிக்குது.

தொப்பியில இருந்து பாட்டிலுக்கு

உடையற பொருள அனுப்பறது பழைய பிரச்சினை. அதுக்கு நம்ம கையில இருக்கிற முதல் தீர்வு நெளி அட்டை. இது பெட்டிக்காகக் கண்டுபிடிச்சதே இல்ல. 1856ல இங்கிலாந்துல நெளி காகிதத்துக்கு வாங்கின காப்புரிமை, ஆண்கள் போடற உயரமான தொப்பிக்குள்ள வைக்கிற பட்டைக்காக. 1871ல நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் ஜோன்ஸ் அதே மாதிரி நெளி காகிதத்த பாட்டிலையும் விளக்குக் கண்ணாடியையும் சுத்தி அனுப்பப் பயன்படுத்தி அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். 1874ல ஆலிவர் லாங் அந்த நெளிவு விரியாம இருக்க ஒரு தட்டைத் தாள ஒட்டினார். இன்னைக்கு நம்ம வாசலுக்கு வர்ற பெட்டியோட உடம்பு அங்கயே தயாராயிடுச்சு.

அடுத்தது குமிழி, அதாவது பபிள் ராப். 1957ல நியூ ஜெர்சி மாநிலம் ஹாதார்ன் ஊர்ல ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் ஷவான்னு ரெண்டு பொறியாளர்கள் ரெண்டு பிளாஸ்டிக் குளியலறைத் திரைகள ஒண்ணா ஒட்டினாங்க. நோக்கம்: புடைப்பா இருக்கிற வால்பேப்பர். நடுவுல காத்து மாட்டிக் குமிழி வந்தது. வால்பேப்பரா யாரும் வாங்கல. பசுமைக்குடிலுக்கு வெப்பத் தடுப்பா வித்துப் பார்த்தாங்க, அதுவும் ஓடல. 1960ல சீல்டு ஏர்னு கம்பெனி மட்டும் ஆரம்பிச்சாச்சு, விக்க வழியில்ல.

அவங்களுக்கு வழி காட்டினது ஒரு கம்ப்யூட்டர்.

ஐபிஎம் ஏன் கவலைப்பட்டது

1959 அக்டோபர்ல ஐபிஎம் தன்னோட 1401 மாடல அறிவிச்சது. வேக்யூம் டியூப் இல்ல, டிரான்சிஸ்டர் பொருத்தின சின்னச் சின்ன கார்டுகள். பத்தாயிரத்துக்கும் மேல தயாரான மாடல் அது. ஊர் ஊரா அனுப்பியாகணும். அந்த நேரத்துல சீல்டு ஏர் ஆட்கள் போய்க் குமிழித் தாளக் காட்டினாங்க. ஐபிஎம் அத 1401 பாகங்கள அனுப்பப் பயன்படுத்த ஆரம்பிச்சது. பபிள் ராப் பேக்கிங் பொருளானது அப்படித்தான்.

ஐபிஎம் ஏன் இவ்வளவு அக்கறைப்பட்டது? என்னோட ஊகம் இது. 1401ஐ பெரும்பாலான வாடிக்கையாளர்கள் வாங்கல, வாடகைக்கு எடுத்தாங்க. ஆரம்ப வாடகை மாசம் 2,500 டாலர். வழியில உடைஞ்சா உடையறது ஐபிஎம்மோட சொத்து. நிக்கறது ஐபிஎம்மோட வாடகை. பேக் பண்றவனும் நஷ்டப்படறவனும் ஒரே ஆளு. இத ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில தேவைப்படும்.

76ஐ வகுத்துப் பாருங்க

இப்ப கொஞ்சம் கணக்கு. ஓடிப்போயிடாதீங்க, ஒரே ஒரு வகுத்தல்தான்.

1945ல ரேமண்ட் மைண்ட்லின் என்ற பொறியியல் அறிஞர் பெல் சிஸ்டம் டெக்னிக்கல் ஜர்னலில் பேக்கிங் மெத்தையின் இயக்கவியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நூறு பக்கத்துக்கு மேல. பெட்டி கீழ விழுந்தா உள்ள இருக்கிற பொருள் எவ்வளவு அதிர்ச்சிய உணரும், மெத்தை அமுங்க அமுங்க எப்படிக் கெட்டியாகும், கடைசியா "டங்"குன்னு அடி தட்டினா என்ன ஆகும்னு எல்லாத்தையும் சமன்பாடா எழுதிட்டார். பேக்கிங் அதுவரைக்கும் கைப்பழக்கம். அந்தக் கட்டுரையில அது பொறியியல் ஆச்சு.

அதோட சாராம்சம் இது. ஒரு பொருள் விழற உயரத்த, அது நிக்கறதுக்கு எடுத்துக்கிற தூரத்தால வகுங்க. வர்ற எண்தான் சராசரி அதிர்ச்சி, ஜி கணக்குல.

76 சென்டிமீட்டர் எடுத்துக்குவோம். ஏறக்குறைய இடுப்பு உயரம். ஃபோம் 2.5 சென்டிமீட்டர் அமுங்கி நிறுத்தினா, 30 ஜி. ஒரு சுத்து பபிள் ராப் 3 மில்லிமீட்டர்தான் அமுங்குதுன்னா, 250 ஜி. ஒண்ணுமே இல்லாம 1 மில்லிமீட்டர்ல நின்னா, 760 ஜி. இதெல்லாம் சராசரி; உச்சம் இன்னும் மேல போகும்.

இன்னைக்கு ஒரு சாதாரண 3.5 இன்ச் ஹார்ட் டிஸ்க்கோட டேட்டா ஷீட்டத் திறந்தீங்கன்னா, ஓடாம இருக்கும்போது தாங்கற அதிர்ச்சின்னு ஒரு எண் இருக்கும். பொதுவா 250ல இருந்து 350 ஜி, அதுவும் 2 மில்லி செகண்டுக்குத்தான். இப்ப அந்த 3 மில்லிமீட்டர் கணக்கத் திரும்பப் பாருங்க.

நான் ஏன் 76ஐ எடுத்தேன்? 1948ல அமெரிக்காவுல போர்சலின் பூச்சு போட்ட வீட்டுச் சாமான் செய்யறவங்க, பொருள் வழியிலேயே பெயர்ந்து போறதப் பார்த்து, பாதுகாப்பா அனுப்பறதுக்கு ஒரு கமிட்டி அமைச்சாங்க. இன்னைக்கு அது ஐஸ்டா என்ற சர்வதேச அமைப்பு. அவங்களோட அடிப்படைச் சோதனையில, எடை குறைந்த பெட்டிய 76 சென்டிமீட்டர்ல இருந்து பத்து தடவ போடணும்: ஒரு மூலை, மூணு விளிம்பு, ஆறு பக்கம். பத்து தடவ விழுந்தும் உள்ள இருக்கிறது பிழைக்கணும்.

இதுல ஒரு பெரிய மரியாதை ஒளிஞ்சிருக்கு. இந்தச் சோதனை "பெட்டி விழவே கூடாது"ன்னு சொல்லல. விழும்னு ஒத்துக்குது. ஒரு நாளைக்கு எத்தனையோ பார்சல் தூக்கற மனுஷன் கை நழுவும். அதுக்கு அவரத் திட்டாம, பெட்டியத் திருத்துன்னு சொல்லுது. நாம என்ன பண்றோம்? பொருள் உடைஞ்சா முதல்ல வாசல்ல நிக்கிற டெலிவரி அண்ணனத்தான் முறைக்கிறோம். நானும் முறைச்சிருக்கேன்.

பார்க் பண்ணிட்டீங்களா?

உலகத்தோட முதல் ஹார்ட் டிஸ்க் 1956ல ஐபிஎம் ரமாக் கூட வந்தது. 61 சென்டிமீட்டர் விட்டமுள்ள 50 தட்டு, ஏறக்குறைய ஒரு டன் எடை, கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. விமானத்துல ஏத்தற அந்தப் படத்த நிச்சயம் பார்த்திருப்பீங்க. அத யாரும் கூரியர்ல தூக்கிப் போட முடியாது. எடையே அதுக்குப் பாதுகாப்பு.

1980கள்ல டிஸ்க் மேசைக்கு வந்தது, பொறுப்பும் நம்ம தலைக்கு வந்தது. ஃப்ளாப்பி டிரைவ்களுக்குள்ள ஒரு அட்டை சொருகி அனுப்புவாங்க, ரெண்டு ஹெட்டும் முட்டிக்காம இருக்க. கம்ப்யூட்டர நகர்த்தணும்னா முதல்ல அந்த அட்டையத் திரும்ப சொருகணும். ஹார்ட் டிஸ்க்குக்கு "பார்க்" கமாண்ட் அடிக்கணும். படிக்கிற ஹெட் டேட்டா இல்லாத இடத்துக்குப் போய் உக்காரும். அடிக்க மறந்து தூக்கினா, ஹெட் துள்ளித் தட்டுலயே அடிக்கும், பூச்சு பெயரும்.

அப்புறம் தயாரிப்பாளர்களே பாகத்தத் திடமாக்கினாங்க. மின்சாரம் போனதும் ஹெட் தானா ஒதுங்கிச்சு. 1990கள்ல தட்டுக்கு வெளிய ஒரு சாய்தளத்துல ஏறி நிக்கிற முறை லேப்டாப் டிஸ்க்குகள்ல வந்தது. 2003ல ஐபிஎம், திங்க்பேட் லேப்டாப் விழறத சென்சார்ல கண்டுபிடிச்சு ஹெட்ட ஒதுக்கவே ஆரம்பிச்சது. முப்பது வருஷம் எத்தனையோ பொறியாளர்கள் அந்த எண்ண 250க்கும் 350க்கும் உயர்த்தினாங்க. அந்த உழைப்பயெல்லாம் நாம ஒரு காத்துப் பையில முடிச்சுட்டோம்.

இருபதில் ஒன்று

எப்படி? என் புரிதல சொல்றேன். ஃபேக்டரியில யாரும் டிஸ்க்க அலட்சியமா அனுப்பறதில்ல. பல சமயம் இருபது இருபதா வரும். நல்ல கெட்டி ஃபோம் தட்டு, ஒவ்வொண்ணுக்கும் தனிக் குழி. கம்ப்யூட்டர் செய்யற கம்பெனிக்கு அந்தப் பெட்டி அப்படியே போகும். அந்தப் பயணத்துக்குத்தான் கணக்குப் போட்டிருக்காங்க.

ஆன்லைன் கடை வந்ததும் நடுவுல ஒரு புது கை வந்தது. இருபது இருக்கிற பெட்டியத் திறந்து, ஒண்ண உருவி, வேற பெட்டியில போடற கை. அந்தக் கைக்கு முன்னாடி இருக்கிறது ஒரு ஸ்க்ரீன். புத்தகம், ஷாம்பு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் நீளம், அகலம், உயரம், எடைதான். 250 ஜின்னு ஒரு கட்டம் அங்க இல்ல. டேட்டாபேஸ்ல அந்த ஒரு காலம் விட்டுப்போச்சு. மைண்ட்லின் கணக்கு அங்க தொலைஞ்சது.

நஷ்டமும் கை மாறிடுச்சு. டிஸ்க் உடைஞ்சு வந்தா ரிட்டர்ன் உண்டு, கடைக்குச் செலவு. அடிபட்டும் ஓடிச்சுன்னா? ரிட்டர்ன் காலம் முடிஞ்சப்புறம் போகும். அப்ப அது பேக்கிங் கோளாறு இல்ல, "டிஸ்க் சரியில்ல". செலவு தயாரிப்பாளருக்கு, இழப்பு நமக்கு. ஐபிஎம் காலத்துல ஒரே ஆளா இருந்தவங்க இப்ப மூணு பேரு.

இதுல ஒரு கசப்பான காமெடி உண்டு. வாரண்டிக்கு டிஸ்க்கத் திருப்பி அனுப்பும்போது தயாரிப்பாளர் தர்ற வழிமுறையப் படிச்சேன். ஆன்ட்டி ஸ்டாட்டிக் கவர், சுத்தி எல்லாப் பக்கமும் கெட்டி ஃபோம், உறுதியான பெட்டி. சரியா பேக் பண்ணாம அனுப்பினா வாரண்டி கிடையாது. செத்துப்போன டிஸ்க்குக்குப் பஞ்சு மெத்தை. உயிரோட வந்தப்ப வெடிச்ச காத்துப் பை.

சரி, நாம என்ன பண்ணலாம்

பார்சல பிரிக்கும்போது வீடியோ எடுங்க. பிரிக்கறதுக்கு முன்னாடி ஆட்டிப் பாருங்க. சத்தம் வந்தா, ஓடினாலும் ரிட்டர்ன் பண்ணுங்க. வாங்கின முதல் வாரத்துலயே முழு டிஸ்க்கயும் ஒரு தடவ எழுதிப் படிச்சு சோதிங்க, அஞ்சு மாசம் காத்திருக்காதீங்க. ரெய்டுக்கு ரெண்டு டிஸ்க்னா ரெண்டு ஆர்டரா, வேற வேற நாள்ல, முடிஞ்சா வேற வேற கடையில வாங்குங்க. முக்கியமா, திரும்பக் கிடைக்காத எதுக்கும் வேற இடத்துல ஒரு காப்பி.

நான் இப்ப டிஸ்க் வாங்கணும்னா ரிச்சி ஸ்ட்ரீட் போயிடறேன். போன தடவ கடைக்கார அண்ணன்கிட்ட ஃபோம் தட்டுல இருந்து என் கண் முன்னாடி எடுத்துத் தரச் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே எடுத்துக் கொடுத்தார். அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல மெட்ரோ ஏறி, மடியில வச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். அந்த டிஸ்க்லதான் தாத்தாவோட நாப்பது நிமிஷம் இப்ப இருக்கு. இன்னொரு காப்பி அக்கா வீட்டுல.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.